வங்கதேசத்து பனியனைத் தடுத்தால் நம் நூல் எங்கே போகும்?

2025 மே 17. வங்கதேசத்து ஆயத்த ஆடைகள் இனி தரைவழியாக இந்தியாவுக்குள் வர முடியாது, கொல்கத்தா, மும்பை அருகிலுள்ள நவ சேவா ஆகிய இரண்டு துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்த நாள். திருப்பூரில் பலருக்கும் அன்று சந்தோஷம். எங்கள் தெருவில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "இனிமே நமக்கு ஆர்டர் வரும் பாருங்க" என்றார்.

அவர் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. 2011-லிருந்து அந்த ஆடைகளுக்கு இங்கே சுங்க வரி இல்லை. அங்கே கூலியும் குறைவு. அந்த விலையோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோனவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

ஆனால் நான் நூல் வியாபாரத்தில் இருப்பவன். எனக்கு அன்று வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஏப்ரலில், எல்லையில் அவர்கள் பக்கமுள்ள பெனாபோல் உள்ளிட்ட தரைவழிச் சுங்க நிலையங்களில் இந்திய நூல் இறக்குவதை வங்கதேசம் நிறுத்தியிருந்தது. மலிவான இந்திய நூலால் தங்கள் மில்கள் நசிகின்றன என்பது அங்குள்ள மில்காரர்களின் புகார். அதே ஏப்ரலில், அவர்களுடைய சரக்கு நம் துறைமுகம், விமான நிலையம் வழியாக வேறு நாடுகளுக்குப் போகக் கொடுத்திருந்த வசதியை இந்தியா திரும்பப் பெற்றது. 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சியை இழந்து இங்கே வந்த பிறகு கெட்டுப்போன உறவு, கடைசியில் லாரிகள்மேல் வந்து விடிந்தது.

வங்கதேச ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆடைகள்தான். அங்கே பருத்தி விளைச்சலோ பெயருக்குத்தான். நம் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடு அதுவே. மொத்தக் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 11 பில்லியன் டாலருக்கு நாம் அவர்களுக்கு விற்கிறோம், சுமார் 2 பில்லியனுக்குத்தான் வாங்குகிறோம். வாசல் அடைபட்டால் யாருக்கு நஷ்டம் அதிகம்?

பெனாபோலுக்கு எதிரே நம் பக்கமுள்ள பெட்ராபோல் எல்லை கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். டாக்காவுக்கு அருகிலுள்ள பின்னலாடை ஊரான நாராயண்கஞ்சில் நிட்டிங் மெஷின் வைத்திருக்கும் சின்ன முதலாளி, வேண்டிய நூலை மட்டும் லாரியில் வரவழைத்து ஓட்டிக்கொள்வார். கப்பல் என்றால் கண்டெய்னரை நிரப்ப வேண்டும், அவர்களுடைய சட்டோகிராம் துறைமுகத்தில் சரக்கு இறங்கும்வரை பணம் முடங்கிக் கிடக்கும். பெரிய குழுமங்கள் தாங்கும். சின்னவர் வாங்குவதையே நிறுத்திவிடுவார்.

அப்புறம், அங்கே போகாத நூல் இங்கே சந்தையில் குவியும். நூல் விலை இறங்கினால் பனியன்காரருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். ஒன்றிரண்டு மாதம் நல்லதுதான். விலை கட்டுப்படியாகாமல் மில்கள் ஷிப்டைக் குறைத்தால், அதே நூலுக்கு அவரே அலைய வேண்டிவரும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. வங்கதேசத்துக்கு 20. அப்போது நம் கையிலிருந்து நழுவிய ஆர்டர் அவர்களிடம் போயிருந்தால், அதைத் தைக்க அவர்களுக்கு நூல் வேண்டியிருந்திருக்கும். அந்த நூலையாவது நாம் விற்றிருக்கலாம். லாரி போகும் வழியோ அடைத்துக் கிடந்தது. இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது?

அண்ணனிடம் நான் சொன்னது இதுதான். இரண்டு பக்கமும் ஒரே நாளில் தடையை எடுக்கட்டும். அதற்குப் பதிலாக, இந்திய நூலில் தயாரான ஆடைக்கு மட்டும் வரிவிலக்கு என்று டெல்லி பேசட்டும். அவருக்கும் பாதுகாப்பு, எனக்கும் வியாபாரம். திருப்பூர், கோவை சங்கங்கள் தனித்தனியாக மனுக் கொடுக்காமல், இந்த ஒரு கோரிக்கையைச் சேர்ந்தே எழுதிக் கொடுக்க வேண்டும்.