பிளைண்டில் ராஜா ஜோடி வந்தால் பதுங்காதீர்கள்

போக்கரில் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) போட்டவருக்கு நல்ல சீட்டு வந்துவிட்டால் போதும், பந்தயத்தை உயர்த்தாமல் உடனே சாது வேடம் கட்டிவிடுகிறார். கேட்டால், புலி பதுங்குவது பாய்வதற்குத்தான் என்று பழமொழி வேறு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் சேலத்து நண்பர்கள் ஆறு பேரும் சீட்டைப் பிரித்துவிடுவோம். காசு கிடையாது; வறுக்காத காப்பிக் கொட்டைதான் பந்தயம். சின்ன பிளைண்ட் ஒரு கொட்டை, பெரிய பிளைண்ட் இரண்டு. அண்மையில் பெரிய பிளைண்டில் இருந்த அம்மாப்பேட்டை நண்பருக்கு ராஜா ஜோடி விழுந்தது. மற்ற ஐவரும் உயர்த்தாமல் ஆளுக்கு இரண்டு கொட்டையோடு நின்றிருந்தார்கள். இவர் மேசையைத் தட்டி ‘செக்’ என்றார்; அதாவது, மேற்கொண்டு எதுவும் வைக்கவில்லை. ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஒன்பது, நான்கு, இரண்டு. சின்ன பிளைண்டில் ஒன்பதும் நான்கும் வைத்திருந்தவருக்கு இரண்டு ஜோடி சேர்ந்துவிட, அவர் கடைசியில் மொத்தத்தையும் வாரிக்கொண்டார். “அந்தச் சீட்டையெல்லாம் வைத்து ஆடுவார்களா?” என்று ராஜா வைத்திருந்தவர் ஒரே புலம்பல். ஏன் ஆடமாட்டார்? இன்னும் ஒரே ஒரு கொட்டைக்குப் பார்க்க விட்டது யார்?

ஆஸ் ஜோடியே ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவரை எதிர்த்தால் சுமார் 85 சதவீதம் ஜெயிக்கும். ஐந்து பேரை எதிர்த்தால் பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். ராஜா அதைவிடக் குறைவு. போதாததற்கு, ஃப்ளாப்புக்குப் பிறகு பிளைண்டுக்காரர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். மற்றவர்கள் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நிதானமாக முடிவெடுப்பார்கள்.

அதனால் உயர்த்துங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். நடுவில் 12 கொட்டை கிடக்கும்போது ஆறாக உயர்த்தினால், அடுத்தவர் நான்கு போட்டு 16-க்கு ஆசைப்படலாம். யார்தான் எழுந்து போவார்? நானாக இருந்தால் பதினெட்டோ இருபதோ வைப்பேன்.

ஆஸ்-ராஜா வந்தாலும் இதே கதைதான். ஃப்ளாப்பில் அதற்கு ஜோடி சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை. சேராதபோது, ஐந்து பேர் முன்னால் முதலில் பேசுவதைப்போல் சங்கடம் வேறில்லை. முன்பே உயர்த்தி ஒருவரை மட்டும் எதிரே நிறுத்தினால் சமாளிக்கலாம்.

“எல்லோரும் சீட்டைக் கீழே போட்டுவிட்டு விலகிவிட்டால் ராஜா வீண்தானே?” என்கிறார் நண்பர். அடுத்தவர்கள் வைத்த பத்துக் கொட்டை சண்டையில்லாமல் கைக்கு வருவதை வீண் என்று சொல்பவரிடம் நான் என்ன வாதாடுவது?