டிக்கெட்டில் 7 கிலோ உண்டு, தட்டில் இடம்தான் இல்லை

விமானத்தில் ஏறியதும் தலைக்கு மேலே லக்கேஜ் தட்டில் இடம் இல்லையென்றால், முதல் திட்டு சக பயணிக்குத்தான் விழுகிறது. "இவ்வளவு மூட்டையை எதுக்குத் தூக்கிட்டு வர்றாங்க?" என்ற முணுமுணுப்பைக் கேட்காமல் சென்னையிலிருந்து டெல்லி போய்ச் சேர முடியாது. எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை. பெட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள் என்று சொல்லி டிக்கெட் விற்றது விமான நிறுவனம். அத்தனை பெட்டிக்கும் மேலே இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் விற்றதும் அதே நிறுவனம்தான்.

நம் உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக்குப் பெரும்பாலும் 7 கிலோ கைப்பெட்டி, 15 கிலோ செக்-இன், அதாவது கவுண்ட்டரில் கொடுத்துவிடும் பெட்டி. ஆளுக்கு ஒரே ஒரு கைப்பை என்பது பிசிஏஎஸ் என்கிற விமானப் பாதுகாப்பு அமைப்பின் விதி. பெண்களின் தோள்பை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. 2022 ஜனவரியில் இதைக் கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள். சரி, விதி இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2021 பிப்ரவரியில், செக்-இன் பெட்டி இல்லாமல் கைப்பையோடு மட்டும் வருபவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அனுமதி கொடுத்தது. பயணிக்கு நல்ல செய்திதான். நாலு காசு மிச்சமாகும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அதோடு, இறங்கியபின் பெட்டி வரும் பெல்ட் முன்னால் கால் கடுக்க நிற்க வேண்டாம், சக்கரம் உடைந்து வருமோ என்ற பயம் வேண்டாம். எல்லோரும் ஒரு ட்ராலிப் பெட்டியோடு உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். தட்டு மட்டும் அதே தட்டு.

கணக்கு எளிதானது. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஒரு வரிசையில் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். அப்படியென்றால் மூன்று பேருக்கும் சேர்த்து மேலே கிடைப்பது அந்த 75 சென்டிமீட்டர் நீளத் தட்டுதான். பொதுவாக அனுமதிக்கப்படும் ட்ராலியின் அகலம் 35 முதல் 40 சென்டிமீட்டர். படுக்க வைத்தால் அதிகபட்சம் இரண்டு போகும், மூன்றாவது போகாது. இதில் ஆக்சிஜன் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, பணியாளர்களின் பைகள் என்று சில தட்டுகளில் பாதி இடம் ஏற்கெனவே போயிருக்கும். 186 சீட்டும் நிறைந்த விமானத்தில் கடைசியாக ஏறுபவருக்கு எங்கிருந்து இடம் வரும்?

இது விமானம் செய்பவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. போயிங் 737இல் ஒரு தட்டுக்கு நான்கு பெட்டி என்றிருந்ததை 2015இல் ஆறாக்கினார்கள். அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல பெட்டியை ஒருக்களித்து நிறுத்தும்படி தட்டை ஆழமாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். ஏர்பஸ்ஸிலும் அதேபோன்ற பெரிய தட்டு வந்துவிட்டது. ஆனால் நமக்கு வரும் விமானம் பழைய தட்டா, புதிய தட்டா என்று டிக்கெட் எடுக்கும்போது யாரும் சொல்வதில்லை. பழைய தட்டு உள்ள விமானத்துக்கும் அதே 7 கிலோவைத்தான் விற்கிறார்கள்.

அப்புறம் வாசலில் என்ன நடக்கிறது? சென்னையில் ஒரு மாலை நேர விமானம். பாதிப் பேர் ஏறியதுமே, வரிசையில் நின்றவர்களின் ட்ராலிகளில் டேக் மாட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, தனியாக வந்தவர்.

"அம்மா, உள்ள இடம் ஃபுல். இதை கீழ போட்டுடறோம், டெல்லில பெல்ட்ல வந்துடும்."

"அதுல இன்சுலின் இருக்குப்பா. கீழ போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எடுத்துக்கோங்கம்மா, சீக்கிரம்."

அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மேலே மடித்து வைத்த புடவைகள், உள்பாவாடை, அதற்கடியில் பேரனுக்கு வாங்கிய முறுக்குப் பொட்டலம், அதற்கும் அடியில் மருந்துப் பை. கை நடுங்கியது. பின்னால் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து 'உச்' கொட்டினார். நானும் இன்னொரு பெண்ணும் குனிந்து எடுத்துக் கொடுத்தோம். அந்த ஊழியரை நான் குறை சொல்லமாட்டேன். கதவு மூடும் நேரம் தாண்டினால் அவர் பதில் சொல்ல வேண்டும். அவரையும் அந்த அம்மாவையும் அந்த நிலைமையில் எதிரெதிரே நிறுத்தியவர்கள் வேறு எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள்.

சரக்கறையில் குளிர் கூடினால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம் என்பதால்தான் அதைக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பவர் பேங்கும் அப்படியே, லித்தியம் பேட்டரி என்பதால் சரக்கறைக்குப் போகவே கூடாது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்தது. தீ தொடங்கிய இடம் பின்பக்கத்து லக்கேஜ் தட்டு. உள்ளே இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். மார்ச் 1 முதல் அந்த நாட்டில் பவர் பேங்கைத் தட்டில் வைக்கவே தடை. தட்டிலேயே இவ்வளவு ஆபத்து என்றால், ஆள் எட்டாத சரக்கறையில்? வாசலில் பெட்டியை வாங்கும்போது "மருந்து இருக்கா, பவர் பேங்க் இருக்கா" என்று கேட்காமல் டேக் மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

பெட்டி உள்ளே போய்விட்டாலும் நிம்மதி இல்லை. 5ஆம் வரிசை ஆளின் பெட்டி 14ஆம் வரிசைக்கு மேலே போய்விடும். இறங்கும்போது எல்லோரும் முன்னால் நகர, அவர் மட்டும் பின்னால் போக முடியாமல் சீட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். இன்னும் சிலர் தங்கள் சீட் கடைசியில் இருந்தாலும், போகிற வழியில் முன்வரிசைத் தட்டிலேயே பெட்டியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பயணிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கார்த்திகை மாதத்தில் இருமுடியோடு ஏறும் சாமிகளைப் பார்த்திருப்பீர்கள். சீசனில் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக பிசிஏஎஸ் தனியாக அனுமதி தருகிறது. அதைத் தட்டில் பத்திரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தால், பின்னால் வந்தவர் அதன்மேலேயே ட்ராலியை அழுத்தித் தள்ளுகிறார்.

எல்லாம் தொடங்கியது காசில்தான். எரிபொருள் விலை ஏறிய 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் கேட்டது. மற்ற நிறுவனங்களும் வரிசையாக அதே வழிக்கு வந்தன, மக்கள் பெட்டியை உள்ளே தூக்கினார்கள். பிறகு உள்ளே கொண்டுவருவதற்கும் காசு என்று சில நிறுவனங்கள் ஆரம்பித்தன. ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் ஒரு தீர்ப்பில், நியாயமான எடையும் அளவும் உள்ள கைப்பை பயணத்தின் அவசியமான பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்றது. அதன்பிறகும் நிற்காததால் 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. இருந்தாலும் ஒரு அரசு பயணியின் பக்கம் நின்று கேட்டதே, அது பெரிய விஷயம். இங்கே கைப்பைக்குக் கட்டணம் என்ற பேச்சு வருவதற்கு முன்பே நாம் குரல் கொடுத்தாக வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாய் ஓடுதளத்தில் விழுந்து எரிந்தது. புகைக்கு நடுவே சிலர் தட்டைத் திறந்து பைகளை எடுப்பது வீடியோவில் பதிவானது. விமானத்தில் இருந்த 300 பேரும் பிழைத்தார்கள், ஒரு தீயணைப்பு வீரர் இறந்துபோனார். 2024 ஜனவரி 2இல் டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள், பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு. பாஸ்போர்ட், பணம், மருந்து எல்லாவற்றையும் சிறு பையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் இருப்பது துணிமணி மட்டும் என்றால் ஆபத்தில் கை அங்கே போகாது.

சென்னை–தூத்துக்குடி ஏடிஆர் என்கிற சிறிய விமானத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும், தட்டு மிகச் சிறியது, ட்ராலி உள்ளே போகாது. அதை முன்கூட்டியே சொல்லி வாங்கி வைத்துவிடுகிறார்கள். அங்கே யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பெரிய விமானத்திலும் இது முடியும். வெப் செக்-இன் செய்யும்போது ஜன்னல் சீட்டுக்குக் காசு கேட்கிறார்கள், சாண்ட்விச் வேண்டுமா என்று கேட்கிறார்கள். ட்ராலி கொண்டுவருகிறீர்களா, சிறு பை மட்டுமா என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும். இடம் போதாது என்றால் முந்தின நாளே தெரிந்துவிடும். கவுண்ட்டரில் இலவசமாகவே போட்டுவிடுங்கள் என்று அப்போதே சொல்லட்டும். பெட்டிகளை பெல்ட்டுக்குச் சீக்கிரம் அனுப்பினால் பலர் தாமாகவே கொடுப்பார்கள்.

வாசலில் யாரிடமாவது மருந்தோடு பெட்டியை வாங்கியிருந்தால், போர்டிங் பாஸ் படமும் டேக் படமும் வைத்து அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். அந்த ஊழியரின் பெயரை எழுத வேண்டாம். விமான எண்ணும் தேதியும் போதும்.