பரிசா, பாடமா?

கிறிஸ்துமஸ் பரிசாகக் குழந்தைகளுக்குப் பொது அறிவு நூல்களும் பெரியவர்களுக்குத் தன்னம்பிக்கை நூல்களும் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லைங்க. போன வருசம் கருமத்தம்பட்டி அக்கா வீட்டுக் கிறிஸ்துமஸ் நோம்பிக்குத் தடிமனான கலைக்களஞ்சியம் ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். "தேங்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டு, கேக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் அக்கா மகன். பொங்கலுக்குப் போனால், அது டிவி ஸ்டாண்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது!

அதனால் இந்த முறை ஆகஸ்டிலேயே, ஈரோடு புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதக் கழிவோடு, சிரிக்க வைக்கிற புத்தகமாகப் பொறுக்கி வைத்துவிட்டேன். பையனுக்கு லக்கி லூக் காமிக்ஸ். சிவகாசியிலிருந்து தமிழிலேயே வருகிறது, படத்துக்காகவாவது புரட்டுவான். அக்காவுக்கு தேவனின் 'துப்பறியும் சாம்பு'. அசட்டுத்தனமாக எதையாவது செய்து, அதிர்ஷ்டத்தில் திருடனைப் பிடித்துவிடும் ஆள். சமையலுக்கு நடுவில் ஒரு கதை படித்து மூடி வைக்கலாம், தொடர்ச்சி விட்டுப்போகாது. மச்சானுக்கு மட்டும் சாகசக் கதை, 'இரும்புக்கை மாயாவி'. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அதுதான். அவர் வயசுக்காரர்கள் பார்த்தால் விடமாட்டார்கள்.

அப்புச்சிக்குத்தான், அதாவது அம்மாவின் அப்பாவுக்குத்தான், திண்டாட்டம். கதை நன்றாக இருந்தாலும் எழுத்து பொடிசாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். கடையில் நாலு பக்கம் புரட்டிப் பார்த்து, பெரிய எழுத்தாக ஒன்று எடுத்தேன். அப்புறம், விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிடாதீர்கள். எங்கள் அக்கா முதலில் அதைத்தான் பார்க்கும்.