மஸ்டாங்குக்கு மட்டும் ஏன் இத்தனை வக்காலத்து?

எட்வர்ட், ஆல் என்ற எல்ரிக் சகோதரர்களின் கதையைச் சொல்லும் ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடர் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' பற்றிப் பேச்சு எழுந்தாலே ரசிகர்களுக்குள் ஒரு சண்டை நிச்சயம். "ஸ்கார் என்ன யோக்கியனா? வின்ரியோட அப்பா அம்மாவைக் கொன்னவன்தானே!" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அவன் இனத்தையே அழிச்சாங்களே, அது கணக்குல வராதா?" என்று இன்னொருவர் வருவார். விடிய விடியப் போகும். அதே ஆட்களிடம், அந்த இனத்தை அழித்த ராணுவத்தில் அதிகாரியாக இருந்த ராய் மஸ்டாங் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அவர் என்னங்க பண்ணுவார், மேலிடத்து உத்தரவு." "அவர்தான் இன்னமும் வருந்திக்கிட்டு இருக்காரே." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த ஓரவஞ்சனை எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. மஸ்டாங்கை எனக்கும் பிடிக்கும். நண்பன் ஹியூஸின் கல்லறை முன்னால் நின்றுகொண்டு, வெயில் காயும்போதே 'மழை பெய்கிறது' என்று அவன் சொல்லும் இடத்தில் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் பிடிக்கும் என்பதற்காக அவன் செய்ததை இல்லையென்று சொல்லிவிட முடியாது. (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் பேசப் போகிறேன்.)

நடந்தது என்ன? கதையின் காலக்கணக்கில் 1901-இல் அமெஸ்ட்ரிஸ் நாட்டின் இஷ்வால் பகுதியில் ஒரு குழந்தை ராணுவத்தான் குண்டுக்குப் பலியாகிறது. சுட்டது ராணுவத்தான் வேடத்தில் வந்த, உருவம் மாறத் தெரிந்த செயற்கை மனிதன் என்வி என்பது பின்னால்தான் தெரியும். ஏழு வருடம் கலவரம் நீள்கிறது. 1908-இல் நாட்டுத் தலைவன் கிங் பிராட்லி 3066-ஆம் ஆணையில் கையெழுத்துப் போட்டு ஸ்டேட் ஆல்கெமிஸ்டுகளை, அதாவது ராணுவத்தின் ரசவாதிகளை, இறக்குகிறான். அதற்குப் பிறகு நடந்ததைப் போர் என்றே சொல்லக் கூடாது. என் உயிரை எடுத்துக்கொண்டு மிச்சமிருக்கும் மக்களை விட்டுவிடுங்கள் என்று இஷ்வாலின் தலைமை குரு தானாக வந்து சரணடைகிறார். உன் ஓர் உயிருக்கு ஓர் உயிர்தான் ஈடு என்று பிராட்லி கைவிரித்துவிடுகிறான். அழிப்பு தொடர்கிறது. விரலைச் சொடுக்கினால் தெருவே பற்றி எரியும் வித்தையோடு அந்த ஊரில் நின்றவன் மஸ்டாங். அதற்காகத்தான் அவனுக்கு 'இஷ்வாலின் வீரன்' என்ற பட்டம்.

ஸ்கார் அந்த நெருப்பில் பிழைத்து வந்தவன். அவனுடைய உண்மையான பெயர் கடைசி வரை நமக்குத் தெரியாது. கிம்பிளி என்ற இன்னொரு ஸ்டேட் ஆல்கெமிஸ்டின் தாக்குதலில் குடும்பத்தை இழந்து, கை போய், செத்துப்போன அண்ணனின் கை தன் தோளில் ஒட்டியிருக்க ஒரு மருத்துவமனையில் கண் விழிக்கிறான். எதிரே நிற்பது அமெஸ்ட்ரிஸ்காரர்களின் நீலக் கண்கள். வெறியில் எதிரே நின்ற இருவரையும் கொன்றுவிடுகிறான். அவனைக் காப்பாற்றிய ராக்பெல் டாக்டர்கள் அவர்கள். எல்ரிக் சகோதரர்களின் சிறுவயதுத் தோழி வின்ரியின் பெற்றோர். இது மன்னிக்க முடியாத கொலை. இதை நான் குறைத்துப் பேச வரவில்லை.

இங்கே 2003-இல் வந்த பழைய அனிமேயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூலமான மங்கா (படக்கதை) முடிவதற்குப் பல வருடங்கள் முன்பே எடுத்த தொடர் என்பதால் பாதியில் தனி வழியில் போய்விட்டது. அதில் ராக்பெல் தம்பதியைச் சுட்டுக் கொன்றது யார் தெரியுமா? மஸ்டாங். எதிரிக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று மேலிடம் உத்தரவிட, இவன் போய்ச் சுட்டான். அதே டாக்டர்கள், அதே அனாதைப் பெண். பழைய தொடரைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கொலைக்காக மஸ்டாங்கை வெறுத்தேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. "பாவம், எவ்வளவு உடைஞ்சுபோயிட்டார்" என்றுதான் சொல்கிறார்கள். கொலை ஒன்றுதான். செய்தவனின் முகம் நமக்கு எவ்வளவு பழக்கம் என்பது மட்டும்தான் மாறுகிறது.

நாம் தப்பிக்கப் பார்க்கும் இந்த இடத்தைக் கதை விட்டுவைக்கவில்லை. மங்காவில் 15-ஆம் தொகுதி முழுக்க இஷ்வால்தான். பிரதர்ஹுட்டில் அதை 30-ஆவது எபிசோடுக்குள் சுருக்கிவிட்டார்கள். அந்த ஒரு குறை எனக்கு உண்டு. அனிமே மட்டும் பார்த்தவர்கள் தயவுசெய்து அந்தத் தொகுதியைத் தேடிப் படியுங்கள். இடிபாடுகளுக்கு நடுவே ஓய்வு நேரத்தில் மஸ்டாங், ஹியூஸ், குறிபார்த்துச் சுடும் ரிசா ஹாக்ஐ, கிம்பிளி நால்வரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மக்களைக் காக்க வேண்டிய ராணுவம் ஏன் மக்களைக் கொல்கிறது என்று ஹாக்ஐ கேட்கிறாள். கிம்பிளி சாவகாசமாகப் பதில் சொல்கிறான்: அதுதான் நம் வேலை. அப்புறம் அவளையே திருப்பிக் கேட்கிறான். குறி தப்பாமல் சுட்டு வீழ்த்தும் அந்த நொடியில், நம் கைக்கு இவ்வளவு திறமையா என்று ஒரு சின்ன நிறைவுகூட உனக்கு வந்ததே இல்லையா? மஸ்டாங் பாய்ந்து அவன் சட்டையைப் பிடிக்கிறான். கிம்பிளி அசரவில்லை. இந்தச் சீருடையை நீங்களாகத்தானே மாட்டிக்கொண்டீர்கள், அப்புறம் எதற்குப் பாதிக்கப்பட்டவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறீர்கள் என்கிறான். கொல்கிறவர்களை நேருக்கு நேர் பார், மறக்காதே, அவர்களும் உன்னை மறக்க மாட்டார்கள் என்கிறான்.

கிம்பிளி ஒரு கொலைவெறியன். அவனை 'கொள்கை உள்ளவன்' என்று தூக்கிப் பிடிக்கும் ரசிகர்களோடு எனக்கு ஒட்டாது. வெடிச்சத்தத்தை ரசிக்கிற ஆள் அவன். ஆனால் அந்தக் கேள்விக்கு அங்கிருந்த மூவரிடமும் பதில் இல்லை. அன்றைக்கும் அவர்கள் எழுந்து மறுபடி அதே வேலைக்குத்தான் போனார்கள். எதற்காகச் சண்டை போடுகிறாய் என்று மஸ்டாங் கேட்க, சாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறான் ஹியூஸ். நாம் எல்லோரும் கண்ணீர் விட்டோமே, அந்த ஹியூஸ்தான்.

ஹாக்ஐயும் மஸ்டாங்கும் தங்களுக்காக இவ்வளவு வாதாடுவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹாக்ஐ எட்வர்டிடம் நிதானமாகச் சொல்கிறாள்: மஸ்டாங் ஆட்சிக்கு வந்து இந்த நாட்டில் ஜனநாயகம் வந்தால், இஷ்வாலின் வீரர்கள் என்று கொண்டாடப்பட்டவர்கள் கொலைகாரர்களாக விசாரணைக் கூண்டில் நிற்க வேண்டிவரும். தெரிந்துதான் அந்தப் பக்கம் நடக்கிறோம் என்கிறாள். இவ்வளவு தெளிவாக அவளே சொன்ன பிறகு, உத்தரவு என்ற ஒற்றைச் சொல்லை வைத்து நாம் அவர்களை வெளியே எடுக்கப் பார்ப்பது அந்தக் கேரக்டர்களுக்கே செய்யும் அவமரியாதை.

வின்ரியைப் பாருங்கள். முதலில் ஸ்காரை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கியவள். பின்னாளில் அவன் அடிபட்டுக் கிடக்கும்போது கைக்குக் கட்டுப் போடுகிறாள். அப்பா அம்மா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்கிறாள். கூடவே, இந்த அநியாயத்தை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே என்றும் சொல்லிவிடுகிறாள். கட்டுப் போட்டதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு "வின்ரியே மன்னிச்சுட்டா" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவள் மன்னிக்கவில்லை. காயத்துக்குக் கட்டுப் போட்டாள்.

ஸ்கார் பக்கமும் இதே கண்டிப்பு இருக்கிறது. ஹியூஸைக் கொன்ற என்வியைக் கையில் கிடைத்ததும் மஸ்டாங் கொஞ்சம் கொஞ்சமாகப் பொசுக்கும் அந்தக் காட்சியில், ஹாக்ஐயின் துப்பாக்கி அவன் பின்னந்தலையைக் குறி பார்த்து நிற்கிறது. எட்வர்ட் கத்துகிறான். நடுவில் ஸ்கார் பேசுகிறான். பழிவாங்குவதைத் தடுக்க எனக்கு அருகதை இல்லை, ஆனால் வெறியில் மூழ்கியவன் நாட்டுக்குத் தலைவனானால் எப்படிப்பட்ட உலகத்தை உண்டாக்குவான் என்று கேட்கிறான். மஸ்டாங் எரித்த ஊரிலிருந்து வந்தவன் மஸ்டாங்கைத் தடுத்து நிறுத்துகிறான். அருகதை இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் பேசுகிறான்.

இந்தக் கதையை எழுதிய ஹிரோமு அரகாவா பிறந்து வளர்ந்தது ஹொக்கைடோவில், பால்பண்ணை வைத்திருந்த குடும்பத்தில். 1869-க்குப் பிறகு மெய்ஜி அரசு குடியேற்றங்களை நடத்தி ஐனு மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்ட தீவு அது. ஐனுக்கள் ஜப்பானின் பூர்வகுடிகள் என்று ஏற்கும் தீர்மானம் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2008-இல்தான். இந்த மங்கா வெளியாகிக்கொண்டிருந்த 2001-2010 காலகட்டத்துக்குள்தான் அதுவும் வருகிறது. அப்படியொரு மண்ணில் வளர்ந்தவர், அழித்தவர்களையும் அழிக்கப்பட்டவர்களையும் ஒரே கதைக்குள் வைத்து யாருக்கும் எளிதாக விடுதலை கொடுக்காமல் எழுதியிருக்கிறார்.

சரி, கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். எனக்கும் நண்பர்களுக்கும் இன்னும் தீராத சண்டை இதுதான். பார்வை பறிபோய் மருத்துவமனையில் இருக்கும் மஸ்டாங்கிடம் டாக்டர் மார்கோ என்ற ரசவாதி, ரசவாதத்துக்குப் பேராற்றல் தரும் ஒரு ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோனோடு வருகிறார். இஷ்வால் மக்களின் உயிர்களால், மார்கோ தன் கையாலேயே செய்த கல். இஷ்வால் மீதான கொள்கையை மாற்றி அவர்களைச் சொந்த மண்ணுக்குத் திரும்ப விடு, இதை எடுத்துக்கொள் என்கிறார். மஸ்டாங் சம்மதிக்கிறான். தனக்கு முன்னால், அடிபட்டு நடக்க முடியாமல் போன தன் ஆள் ஹாவோக்கின் முதுகைச் சரிசெய்யச் சொல்கிறான். கண் தெரிந்தால்தானே வேலை செய்ய முடியும், இஷ்வாலை மீட்க அதுதானே வழி என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அவன் வாக்கைக் காப்பாற்றுகிறான் என்பதும் உண்மை.

ஆனால் ரசவாதத்தில் பறிபோன ஆலின் உடலை மீட்க அந்தக் கல்லைத் தொட மாட்டோம் என்று எல்ரிக் சகோதரர்கள் கடைசி வரை பிடிவாதமாக இருந்தார்கள். சண்டையில் வேறு வழியில்லாமல் ஆல் ஒருமுறை எடுத்திருக்கிறான். தன் உடம்புக்காக எடுக்கவில்லை. எட்வர்ட் தன் ரசவாதத்தையே விலையாகக் கொடுத்துத் தம்பியை மீட்டான். மஸ்டாங் தான் எரித்த மக்களின் உயிர்களைக் கொண்டே தன் கண்ணைத் திரும்பப் பெற்றான். அந்தக் கல்லுக்குள் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஹாக்ஐ சொன்ன விசாரணையும் திரையில் வரவே இல்லை. அந்தக் கண்களோடு அவன் அந்தக் கூண்டில் ஏறியிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். ஏறத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஏன் என்று எழுதுங்கள். 'உத்தரவு' என்பதைத் தவிர வேறு காரணத்தோடு வாருங்கள்.