வளவு என்னுடையது, மரம் யாருடையது?

வீட்டு வரியை நான் கட்டுகிறேன். இலையுதிர் காலத்தில் மூட்டை மூட்டையாக இலை அள்ளுவதும் நான்தான். பேஸ்மென்ற்றில் கழிவுநீர் திரும்பி மேலே வந்தால் பிளம்பரைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பதும் நான்தான். ஆனால் பின்வளவில் நிற்கிற அந்த மரத்தை வெட்டலாமா என்று வந்தால் மட்டும் ரொறன்ரோவில் என் சொல் எடுபடாது.

இங்கே தனியார் வளவில் நிற்கும் மரம், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது 30 சென்ரிமீற்றர் விட்டத்தைத் தொட்டுவிட்டால், அனுமதி இல்லாமல் அதில் கை வைக்க முடியாது. மீறினால் ஒரு மரத்துக்குக் குறைந்தது 500 டொலர் தண்டம், கூடியது ஒரு இலட்சம் டொலர். சரி, முறைப்படி கேட்போம் என்றால் முதலில் ஆர்பொரிஸ்ட் என்கிற மர நிபுணர் ஒருவரைப் பிடித்து அறிக்கை எடுக்க வேண்டும். அவருக்கு ஒரு காசு. விண்ணப்பத்துக்கு இன்னொரு காசு. மரம் நல்ல நிலையில் இருந்தால் வீட்டு வாசலில் அறிவித்தல் மாட்டி, அயலவர் ஆட்சேபிக்கிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பதிலுக்கு மரம் நட வேண்டும். அப்புறம்தான் வெட்டுகிறவரின் கூலி. பென்ஷனில் இருக்கிற ஒரு அம்மாவோ ஐயாவோ இதையெல்லாம் எங்கிருந்து கட்டுவது?

எங்கள் வளவில் நிற்பது அருமையான பழைய ஓக் மரம் என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நிற்பது நோர்வே மேப்பிள். டச் எல்ம் நோய் வந்து எல்ம் மரங்கள் பட்டுப்போன பிறகு, வட அமெரிக்க நகரங்கள் வீதி வீதியாகக் கொண்டுவந்து நட்ட ஐரோப்பிய மரம். அதன் சிறகு விதைகள் காற்றில் பறந்து போய் பள்ளத்தாக்குக் காடுகளில் முளைக்கின்றன. அடர்ந்த நிழலால் உள்ளூர்ச் செடிகளைத் தலைதூக்க விடுவதில்லை. ஆக்கிரமிப்பு இனம் என்று எல்லோருக்கும் தெரிந்த மரம் இது. எங்கள் கூரைப் பீலியில் ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த விதைகள் ஒரு நாற்றுமேடையே போட்டிருக்கும். பிளம்பர் கழிவுநீர்க் குழாயிலிருந்து இழுத்துப்போட்ட வேரைப் பார்த்தேன்: அவிழ்த்துவிட்ட கூந்தல்போல, மெல்லிசாக, சேறு சொட்டச் சொட்ட, என் கை நீளத்துக்கு மேல். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் பழைய பங்களாக்களில் பல இடங்களில் இன்னும் களிமண் குழாய்தான். பொருத்துகளில் மயிரிழை இடைவெளி இருந்தாலே வேருக்குப் போதும்.

ஆனால் இதெல்லாம் விதிக்குப் பெரிய காரணமே இல்லை. அனுமதி கிடைக்க மரம் நோயில் நலிந்திருக்க வேண்டும், அல்லது கட்டடத்தின் சுமைதாங்கும் பாகத்தையோ கூரையையோ சேதப்படுத்த வேண்டும். பீலியும் குழாயும் டிரைவ்வேயும் அதில் சேராது. மரத்தை விட்டுவிட்டு மற்றதைத் திருத்திக்கொள் என்பதுதான் கருத்து. அதே மரம், சட்டத்துக்குட்பட்ட புதுக் கட்டடத்துக்கு இடைஞ்சலாக நின்றால் அதற்கு வழி இருக்கிறது! வீட்டை இடித்து மாளிகை கட்டுகிறவனுக்கு ஒரு நியாயம், முப்பது வருடமாக அதே வீட்டில் குடியிருக்கிறவனுக்கு இன்னொரு நியாயமா?

எனக்கு வயிறு எரிவது இன்னொரு விடயத்தில். 30 சென்ரிமீற்றர் என்று கோடு போட்டால் சனம் என்ன செய்யும்? 27, 28 வரும்போதே வெட்டிவிடும். எனக்குத் தெரிந்த பலர் அதைத்தான் செய்கிறார்கள், மற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். "தம்பி, வளரவிட்டியோ மாட்டினாய்" என்று ஒரு அண்ணை எனக்கே புத்தி சொன்னார். மரத்தைக் காக்க வந்த விதி, மரம் வளர்த்தவனைத் தண்டித்து, வளரவிடாதவனைச் சும்மா விடுகிறது. இதைவிட ஒரு அநியாயம் இருக்கிறதா?

மரம் எல்லைக்கோட்டில் நின்றால் இன்னும் மோசம். ஒன்ராறியோவின் வனவியல் சட்டப்படி அது இரண்டு வீட்டுக்காரருக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் தொட முடியாது. செத்த மரத்துக்கு அனுமதி தேவையில்லை என்பார்கள். ஆனால் செத்துவிட்டது என்று நிரூபிக்க அதற்கும் ஆதாரம் அனுப்ப வேண்டும்.

மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2050க்குள் நகரத்தின் 40 வீதத்துக்கு மரநிழல் வேண்டும் என்ற இலக்கை மனதார ஆதரிக்கிறேன். யூலை வெயிலில் நிழல் இல்லாத வீதியில் பஸ்ஸுக்கு நின்றவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 2013 டிசம்பர் பனிப்புயலில் கொப்புகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்து, கிறிஸ்மஸ் காலத்தில் இலட்சக்கணக்கானவர்கள் இருட்டிலும் குளிரிலும் கிடந்ததையும் நான் மறக்கவில்லை. நாளைக்கு இந்த மேப்பிள் பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தால் வழக்கு என் தலையில்தானே வரும்? முடிவு மாநகரசபை கையில், பொறுப்பு மட்டும் என் கையிலா?

ஆக்கிரமிப்பு இனங்களுக்குத் தனி வழி வையுங்கள். அதை எடுத்துவிட்டு உள்ளூர் மரம் நடுகிறவரிடம் கட்டணம் வாங்காதீர்கள். முதியவர்களுக்கு ஆர்பொரிஸ்ட் அறிக்கையை நகரமே எடுத்துக்கொடுக்கட்டும். குழாய் உடைந்ததையும் காரணமாக ஏற்றுக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் "வணக்கம்" சொல்லிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளரையும் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த மரத்தடியில் நிறுத்தி வைத்துத்தான் இதைக் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.