சனம் என்றால் ஆகாது

நல்லூர்த் தேரையே தொலைக்காட்சியில் கும்பிடுகிற குடும்பம் இது. இவர்களைப் பெரிய பயணக்கப்பலுக்குச் சம்மதிக்க வைக்க நான் படும் பாடு! 2024இல் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஒஃப் த சீஸ் என்ற கப்பல் 7,600 பயணிகள் வரை ஏற்றுமாம். "அது கப்பலா, கொடிகாமம் சந்தையா?" என்கிறார் அப்பா.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் பெரும்பாலானோர் கரைக்கு இறங்கிவிடுவார்கள். நீச்சல் குளம் காலியாகக் கிடக்கும். விடியற்காலையில் மேல்தளத்தில் ஆளரவம் குறைவு. பல்கனி உள்ள அறை எடுத்தால் யார் முகத்திலும் விழிக்காமல் கடல் பார்க்கலாம். எத்தனை முறைதான் சொல்வது? "அறைக்குள் இருக்கவா இவ்வளவு காசு?" என்கிறார் அம்மா. (மடக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.)

இதே ஆட்கள்தான் குறிகட்டுவான் துறையில் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகும் படகுக்குள் மூச்சு முட்ட நெருங்கி நிற்பார்கள். கேட்டால், அது நேர்த்தியாம்!