அந்த ஸ்கூல் பேக் போட்டோ பற்றி

ஒரு தையல் கம்பெனி முதலாளி அரசுப் பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு ஸ்கூல் பை கொடுக்கும் போட்டோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்றிலிருந்து இன்பாக்ஸில் வந்து, "நல்லது செய்பவரையும் விட்டுவைக்க மாட்டீர்களா" என்று கேட்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

பை கொடுத்தது தப்பில்லை. கொடுத்த பையின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறாரே, அதுதான் உறுத்துகிறது. அந்தச் சிறுமியின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறாள்.

நானும் அப்படி நின்றவன்தான். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் தீபாவளிக்குத் துணி கொடுப்பார்கள். வரிசையில் நின்று, அப்பா பெயரைச் சொல்லி, காலில் விழுந்து வாங்க வேண்டும். லீவு முடிந்து பள்ளிக்குப் போனால் அந்த வீட்டுப் பையன் எல்லோர் முன்னாலும் "இது எங்க வீட்டுச் சட்டை" என்பான். அதே பள்ளியில் மதியம் சத்துணவுத் தட்டோடு உட்காரும்போது எனக்கு ஒருநாளும் கூசியதில்லை. அது எவர் வீட்டுச் சோறும் இல்லை. எனக்குச் சேர வேண்டியது.

பள்ளி மதிய உணவை 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்தது, 2022இல் வந்த காலை உணவு, எல்லாமே பொதுத் திட்டம். ஒருவருக்கு மனசு மாறினால் நின்றுபோகிற காரியமா இது?

"அரசாங்கத்தால் எவ்வளவுதான் முடியும், பணம் வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும். பரம்பரைச் சொத்துக்கு இருந்த வரியை 1985இல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். 2019இல், வேறு சலுகை கேட்காத கம்பெனிகளுக்கு வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தார்கள். அந்தச் சலுகைக்காக எந்த முதலாளியையும் வெயிலில் நிற்கவைத்துப் போட்டோ எடுக்கவில்லையே.

பொறாமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"அவர் கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பையே கிடைத்திருக்காது" என்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அரசுப் பள்ளியில் பை, நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் அரசே கொடுக்கிறது. அந்த வீட்டில் இல்லாதது பை இல்லை. மாசக் கடைசியில் அரிசிக்கும் வாடகைக்கும் காசு இல்லை. அவள் அம்மா ராத்திரி ஷிப்ட் பார்த்தும் காசு இல்லை. பை கொடுத்தவர் கம்பெனியிலேயே எத்தனை அம்மாக்கள் தைக்கிறார்கள்? அவர்களுக்கு ஓவர்டைம் காசு ஒழுங்காக வருகிறதா? அதை அவரிடம் கேளுங்கள். பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் என் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.